“தானே சரியாகிவிட்டது” என்று கம்ப்யூட்டர் சொன்னால் நம்பலாமா? மஞ்சள் முக்கோணத்துக்குப் பின்னால் ஒரு கதை!

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வேப்பமரம், கொல்லையில் பலா. அப்பா சுரங்கத்தில் பம்ப் பிரிவில் ஷிப்ட் பார்ப்பவர், ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. பி.காம் முடித்த மகள் வீட்டிலிருந்தே பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி கணக்கு பார்க்கிறாள். மாதம் 20-ம் தேதி நெருங்கினால் அவளுக்குத் தூக்கம் கிடையாது. அந்த வேலை முழுவதும் ஹால் மூலையில் இருக்கும் ஒரே ஒரு டெஸ்க்டாப்பை நம்பித்தான் நடக்கிறது.

அந்த டெஸ்க்டாப் ஒருநாள் திடீரென உறைந்து நின்றது. மறுபடி ஆன் செய்ததும் ஓடியது. அடுத்த வாரமும் அதே கதை. யாரோ சொல்லிக்கொடுத்தபடி விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவரை’ திறந்து பார்த்தால் வரிசையாக மஞ்சள் முக்கோணங்கள். ஒன்றைத் தட்டினால், வன்பொருளில் ஒரு பிழை ஏற்பட்டது, அது சரிசெய்யப்பட்டுவிட்டது என்று ஒரு வாசகம். அதற்குக் கீழே ‘ப்ராசஸர் கோர்’ என்ற சொல்.

அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்குப் போன் போட்டால், “அதான் கரெக்டட்னு போட்டிருக்கே மேடம், அதுவே சரி பண்ணிக்கிச்சு. விடுங்க” என்று பதில். ப்ராசஸருக்கு வாரன்ட்டி மூன்று வருடம். அது முடிய இன்னும் 18 நாள்தான் பாக்கி. இப்போது விட்டுவிடலாமா, கூடாதா?

இந்த வீடு கற்பனைதான். ஆனால், அந்த மஞ்சள் முக்கோணமும் கடைக்காரரின் பதிலும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கப்பட்டவை. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் வாரன்ட்டி பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பால் கணக்கு அட்டையும் பெல் லேப்ஸ் மெஷினும்

தன்னிடம் பிழை நடந்தது என்று ஒரு இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் எப்படித் திருத்துகிறது?

வீட்டுப் பால் கணக்கு அட்டையை எடுத்துக்கொள்வோம். வாரங்கள் குறுக்கே, நாள்கள் நெடுக்கே. ஒவ்வொரு வரிசைக்கும் ஓரத்தில் ஒரு கூட்டுத்தொகை, ஒவ்வொரு பத்திக்கும் அடியில் ஒரு கூட்டுத்தொகை. நடுவில் ஒரு கட்டத்தில் மட்டும் எண் தப்பாகிவிட்டால் ஒரு வரிசையின் கூட்டல் இடிக்கும், ஒரு பத்தியின் கூட்டலும் இடிக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டம்தான் குற்றவாளி. எவ்வளவு இடிக்கிறது என்பதை வைத்துச் சரியான எண்ணையும் எழுதிவிடலாம், பால்காரரைக் கூப்பிடவே வேண்டாம். ஆனால், கூட்டுத்தொகை ஒரு பக்கம் மட்டுமே இருந்தால்? தப்பு நடந்திருக்கிறது என்பது தெரியும், எந்தக் கட்டத்தில் என்பது தெரியாது. நாலைந்து கட்டங்கள் ஒரே நேரத்தில் மாறியிருந்தால் இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் கைவிட்டுவிடும்.

கம்ப்யூட்டருக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு பக்கக் கூட்டுத்தொகைக்குப் ‘பாரிட்டி’ என்று பெயர். இடத்தையும் கண்டுபிடித்துத் திருத்தும் முறைக்கு வித்திட்டவர் ரிச்சர்ட் ஹாமிங் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். 1940-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் வார இறுதிகளில் தன் கணக்கை ரிலே கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் எங்கோ ஒரு பிழையைக் கண்டு, இயந்திரம் அவர் கணக்கைக் கைவிட்டு அடுத்தவர் கணக்குக்குப் போயிருக்கும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்த மட்டும் ஏன் தெரியக் கூடாது என்ற எரிச்சலில் பிறந்ததுதான் 1950-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. வார இறுதி வீணான கோபத்துக்கு உலகம் நிறையவே கடன்பட்டிருக்கிறது!

இன்றைய ப்ராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகங்களில் இந்த இரண்டு வித்தைகளும் இருக்கின்றன. பிழை வந்தால் சில இடங்களில் அது திருத்தப்படும். சில இடங்களில் கெட்டுப்போன பிரதியைத் தூக்கி எறிந்துவிட்டு நல்ல பிரதி மறுபடி எடுத்துவரப்படும். எப்படியும் வேலை நிற்காது. ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கப்படும். அந்தக் குறிப்புதான் மஞ்சள் முக்கோணம்.

பிழை எங்கிருந்து வருகிறது?

பாதிக் குற்றம் வானத்தின் மீது போகும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களின் விளைவாக ஒரு துகள் சிப்பில் மோதி, 0 இருந்த இடத்தில் 1 ஆகிவிடுவது உண்மையிலேயே நடக்கிறது. 2003-ல் பெல்ஜியத் தேர்தலில் ஷார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்குச் சாத்தியமே இல்லாத வகையில் 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. 4096 என்பது 2-ஐ 12 முறை பெருக்கி வரும் எண். அதாவது, ஒரே ஒரு பிட் புரண்டால் சரியாக அவ்வளவுதான் கூடும். மென்பொருளில் தவறு எதுவும் கிடைக்காததால் பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

சிப்பைச் சுற்றியிருக்கும் உறையே வில்லனான கதையும் உண்டு. 1970-களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் டிமோதி மே, முர்ரே வுட்ஸ் என்ற இருவர், நினைவகச் சிப்களில் காரணமில்லாமல் வந்த பிழைகளைத் துரத்திக்கொண்டு போனார்கள். சிப்பை மூடியிருந்த உறையில் இருந்த மிகச் சிறிதளவு யுரேனியம், தோரியத்திலிருந்து கிளம்பிய ஆல்பா துகள்கள்தான் அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

ஆனால், வானத்துத் துகளுக்கு ஒரு குணம் உண்டு. அது இடம் பார்த்து விழாது. இன்று இந்தக் கோர், ஆறு மாதம் கழித்து வேறொரு கோர் என்று எங்கு வேண்டுமானாலும் விழும். நம் ஹால் மூலையில் இருக்கும் பெட்டியில் ஒரே கோர் வாரத்துக்கு மூன்று முறை தடுமாறினால் வானத்தைப் பார்ப்பதில் பயனில்லை. சந்தேகப்பட வேண்டியது சூட்டை, மின்னழுத்தத்தை, அல்லது அந்தச் சிப்பையே.

சிப்பே குற்றவாளியாகும் சம்பவம் சமீபத்தில்தான் உலகறிய நடந்தது. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் கேம் விளையாடும்போது கம்ப்யூட்டர் முடங்குவதாக உலகம் முழுக்கப் புகார்கள் குவிந்தன. ப்ராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, அதற்கு அதன் உள் நிரலான மைக்ரோகோடு ஒரு காரணம் என்று 2024 ஜூலையில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட்டில் ‘0எக்ஸ்129’, செப்டம்பரில் ‘0எக்ஸ்12பி’ என்று திருத்திய மைக்ரோகோடுகள் வந்தன. ஆனால், ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை அவை மீட்டுத் தரவில்லை. மேலும் தேயாமல் தடுக்க மட்டுமே முடிந்தது. அதனால், பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்ட்டியை இரண்டு வருடம் நீட்டித்தது இன்டெல். பெட்டியோடு விற்ற ப்ராசஸர்களுக்கு மூன்று வருடம் ஐந்தானது. அந்தத் தலைமுறை ப்ராசஸர் வீட்டில் இருப்பவர்கள் இந்தச் செய்தியைப் படித்து முடித்ததும் பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்பாவின் லாக் புக்

நம் கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். மகள் ஸ்கிரீனைக் காட்டியபோது அப்பாவுக்கு ப்ராசஸர் புரியவில்லை. ஆனால், பம்ப் புரியும்.

நெய்வேலிச் சுரங்கத்தின் மிகப் பெரிய சவால் நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண் மட்டும் அல்ல. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரும்தான். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்து தண்ணீர் மேலே வந்துவிடும். அதனால், ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சுரங்கத்தின் மேட்டிலிருந்து எட்டிப்பார்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உலர்ந்த தரையும் ராட்சத பக்கெட் வீல் எந்திரமும் மட்டும்தான் தெரியும். தரை ஏன் உலர்ந்திருக்கிறது என்பது பம்ப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

“தண்ணி மேல வரலங்கறதால தண்ணி இல்லேன்னு அர்த்தமா பாப்பா? எத்தன மணிக்கு, எந்தக் கிணறு, எவ்வளவுன்னு எழுது மொதல்ல” என்று அப்படி ஒரு அப்பா சொல்லாமல் இருக்க மாட்டார்.

அவர் சொல்வதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கிறது. 2009-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுளைச் சேர்ந்த இருவருடன் சேர்ந்து, கூகுளின் சர்வர்களில் இருந்த மெமரி சிப்களை இரண்டரை வருடம் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு வருடத்தில் 8 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட மெமரி துண்டுகளில் திருத்தப்பட்ட பிழை தென்பட்டது. முக்கியமான விஷயம், திருத்தப்பட்ட பிழை வந்த மெமரியில் பின்னர் திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. அது மெமரியைப் பற்றிய ஆய்வு, ப்ராசஸருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால், சின்ன இருமலைக் கவனிக்கச் சொல்லும் காரணம் ஒன்றுதான்.

சரி, எதை எழுதி வைப்பது? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் ‘ஈவென்ட் வியூவர்’ வரும். அதில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’. வலதுபக்கம் ‘ஃபில்டர் கரன்ட் லாக்’ என்பதை அழுத்தி, சோர்ஸ் பட்டியலில் ‘டபிள்யூ.ஹெச்.இ.ஏ லாகர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மற்ற குப்பை எல்லாம் மறைந்து இந்தப் பிழைகள் மட்டும் நிற்கும். ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியவை நான்கு. நேரம், ஈவென்ட் ஐடி எண், பிழையின் வகை, ‘ஏ.பி.ஐ.சி ஐடி’ என்ற எண்.

ஐடி 19 என்றால் ப்ராசஸருக்குள் திருத்தப்பட்ட பிழை. 18 என்றால் திருத்த முடியாதது, கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி விழுந்ததன் தடயம். 17 வந்தால் பெரும்பாலும் ப்ராசஸரைத் திட்டாதீர்கள். அது கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி போன்றவை செருகப்பட்டிருக்கும் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் பாதையின் பிழை. கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்திச் செருகினாலே பல நேரம் நின்றுவிடும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் ப்ராசஸரை மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் உண்டு.

‘ஏ.பி.ஐ.சி ஐடி’ என்பது எந்தக் கோர் தடுமாறியது என்பதற்கான கதவிலக்கம் போல. ஒரு கோர் இரண்டு வேலைகளைச் சேர்த்துப் பார்க்கும் வகை என்றால் அடுத்தடுத்த இரண்டு எண்கள் ஒரே கோருக்கு உரியவையாக இருக்கும். பத்து பிழையில் பத்தும் ஒரே கதவிலக்கம் என்றால் அந்தக் கோர் பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் என்றால் சந்தேகம் மதர்போர்டு, பவர் சப்ளை, ராம் என்று பொதுவான இடங்களுக்குத் திரும்பும்.

நேரம் என்பதும் பேசும். ஜி.எஸ்.டி ஃபைலைத் திறந்து வைத்துக் கடுமையாக வேலை செய்யும் மத்தியானத்தில் மட்டும் வருகிறதா? சூட்டைப் பாருங்கள். இரவில் ஒன்றும் செய்யாமல் பாட்டு மட்டும் ஓடும்போது வருகிறதா? ஓய்வில் இருக்கும் ப்ராசஸருக்குக் கொடுக்கப்படும் குறைந்த மின்னழுத்தம் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான்

இங்கேதான் பெரும்பாலானோர் சொதப்புவார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, விண்டோஸை அழித்துப் போட்டு, பயாஸையும் அப்டேட் செய்துவிடுவார்கள். பிழை நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது. நிற்காவிட்டால் எது காரணமில்லை என்றும் தெரியாது. ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலையைப் பார்த்து, எண்ணிக்கையை எழுதிவிட்டு, பிறகு அடுத்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் கணக்கு ஃபைல்கள் அத்தனைக்கும் பேக்கப். சோதனை என்ற பெயரில் நோயாளியை ஓடவிடப்போகிறோம், வழியில் விழுந்தாலும் விழலாம்.

அதன் பிறகு பயாஸுக்குள் போய் எல்லா அமைப்புகளையும் ‘டீஃபால்ட்’ நிலைக்குக் கொண்டுவருவது. வேகத்துக்காகக் கடையிலேயே ‘எக்ஸ்.எம்.பி’ என்ற மெமரி அமைப்பை ஆன் செய்து கொடுத்திருப்பார்கள், அது மெமரியை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும். சில மதர்போர்டுகள் யாரும் கேட்காமலே ப்ராசஸரை வரம்புக்கு மேல் ஓட்டும். இவற்றை அணைத்ததுமே பிழை நின்றால் எந்தப் பொருளையும் மாற்ற வேண்டியதில்லை, கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் போதும்.

அடுத்தது சூடு. மே மாதம் கடலூர் மாவட்டத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, ஏ.சி இல்லாத ஹாலில் பெட்டிக்குள் போகும் காற்றே 40 டிகிரிதான். அனல்மின் நிலையமும் சுரங்கமும் உள்ள ஊரில் ஹீட்சிங்க்கில் படியும் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கவரைக் கழற்றி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு (இல்லையென்றால் காற்றில் தாறுமாறாகச் சுற்றிப் பழுதாகலாம்) ஊதித் துடைக்க வேண்டும். வருடக்கணக்கான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ‘ஹெச்.டபிள்யூ இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் வெப்பநிலையையும் இந்தப் பிழைகளின் எண்ணிக்கையையும் ஒரே திரையில் காட்டும்.

பிறகு, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுத்த பயாஸ் அப்டேட். அப்டேட் நடுவில் கரன்ட் போனால் மதர்போர்டே செத்துப்போகலாம், யு.பி.எஸ் இல்லாமல் தொடக் கூடாது. மின்சாரம் தயாரிக்கும் ஊரில் இருக்கிறோம் என்ற தைரியம் இந்த விஷயத்தில் வேண்டாம்.

அப்புறம் ராம். வீட்டு டெஸ்க்டாப்பில் இருக்கும் சாதாரண ராமில் சர்வர்களில் இருப்பது போன்ற பிழை திருத்தும் வசதி பொதுவாக இருக்காது. அதனால், ராம் கெட்டிருந்தாலும் லாகில் மஞ்சள் முக்கோணமாக வராமலே போகலாம். ‘மெம்டெஸ்ட்86’ என்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போக வேண்டும். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அந்த ராமை நம்பக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு அதே கதவிலக்கத்தில் பிழை வந்துகொண்டே இருந்தால்? ‘ஓ.சி.சி.டி’, ‘பிரைம்95’ போன்ற சோதனை மென்பொருள்களை ஓட்டினால் அந்தக் கோர் மாட்டிக்கொள்ளலாம். முடிந்தால் நண்பரின் பவர் சப்ளையை ஒருநாள் இரவல் வாங்கிப் பொருத்திப் பார்க்கலாம். அதிலும் மாறவில்லை என்றால் விரல் நேராகச் சிப்பை நோக்கித்தான் நீளும்.

இவ்வளவு பாடு எதற்கு, முடங்கினால் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாமே என்று தோன்றலாம். முடங்குவது ஒருவகையில் நல்லது, அது நமக்குத் தெரிகிறது. 2021-ல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஒரு விசித்திரமான ப்ராசஸரைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒரே ஒரு கோர், 1.1-ஐ 53 முறை பெருக்கி முழு எண்ணாகச் சொல் என்றால் 156 என்று சொல்வதற்குப் பதிலாக 0 என்றது. லாகில் ஒரு வரிகூட இல்லை, முக்கோணமும் இல்லை. அந்த 0-வை நம்பிய மென்பொருள், ஃபைலில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியது. ஃபைல்கள் காணாமல்போயின. அதே வருடம் கூகுள் பொறியாளர்களும் தங்கள் சர்வர்களில் சில ஆயிரம் இயந்திரங்களுக்கு ஓரிரண்டு கோர்கள் இப்படிச் சத்தமில்லாமல் தப்புக் கணக்குப் போடுவதாக எழுதினார்கள். முந்திரி வியாபாரியின் வரிக் கணக்கில் ஒரு 0 இப்படி நுழைந்தால் நோட்டீஸ் வருவது ப்ராசஸருக்கு இல்லை. மஞ்சள் முக்கோணம் காட்டும் கோர், காட்டாமலும் தப்புச் செய்கிறதா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மாதக்கணக்கில் ஒரே ஒரு முக்கோணம் என்றால் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தினமும் வருகிறது, எண்ணிக்கை ஏறுகிறது என்றால் “விடுங்க” என்ற பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கடைக்கு இரண்டாவது முறை போகும்போது மகளின் கையில் வெறும் புகார் இருக்காது. ஈவென்ட் வியூவரில் ‘சேவ்’ செய்த லாக் ஃபைல் பென்டிரைவில் இருக்கும். எந்தத் தேதியில் எதை மாற்றினோம், அதன் பிறகு எத்தனை பிழை என்று அப்பாவின் லாக் புக் பாணியில் இரண்டு பக்கம் இருக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ராசஸர் பெட்டியோடு வாங்கியதா, ‘ட்ரே’ என்று சொல்லும் உதிரிச் சிப்பா? பெட்டி என்றால் தயாரித்த நிறுவனத்திடமே நேரடியாக வாரன்ட்டி கேட்கலாம். ட்ரே என்றால் பொதுவாக விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும். சில ஆயிரம் மிச்சம் என்று அசெம்பிள் செய்யும்போது ட்ரேயை வாங்குபவர்களுக்கு இந்த வித்தியாசம் மூன்றாவது வருடத்தில்தான் உறைக்கும்.

கூடவே பில் வேண்டும். பீரோவில் புடவைகளுக்கு அடியில் அம்மா பத்திரமாக வைத்திருப்பார். ஆனால், தெர்மல் பேப்பரில் அடித்த பில் என்றால் மூன்று கோடைக்குப் பிறகு அதில் எழுத்து இருக்குமா என்பது சந்தேகம்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்றைக்கே அந்த பில்லையும், ப்ராசஸர் பெட்டியின் மேல் இருக்கும் சீரியல் நம்பரையும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.